செல்ஃபி மானிட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் லென்ஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

மொபைலில் வ்ளாக் எடுக்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும். பின் கேமராவில் எடுக்க வேண்டும், ஆனால் பேசும்போது நம் முகம் ஃப்ரேமுக்குள் இருக்கிறதா என்று நமக்கும் தெரிய வேண்டும். நியாயமான ஆசைதான். ஐபோன் 15-ல் பின்னால் 48 மெகாபிக்சல், முன்னால் 12. மெகாபிக்சலைக்கூட விட்டுவிடுங்கள், சென்சார் அளவிலேயே இரண்டும் பக்கத்தில் வர முடியாது. வெளிச்சம் குறைந்த இடத்தில் முன் கேமரா படத்தில் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சலை அழிக்கிறேன் என்று முகத்தின் தோலையும் சேர்த்து அழித்துவிடும், புருவத்து முடியெல்லாம் ஒரே பூச்சாக ஆகிவிடும். நிறைய போன்களில் முன் கேமராவுக்கு ஆட்டோஃபோகஸே கிடையாது, ஐபோனிலேயே அது 2022-ல் வந்த 14 வரிசையில்தான் வந்தது.

அதனால்தான் போனின் முதுகில் ஒட்டிக்கொள்கிற குட்டித் திரைகள் இத்தனை வந்திருக்கின்றன. எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை இன்ச், அடுத்தது எவ்வளவு நேரம் சார்ஜ் நிற்கும். இரண்டையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கருத்து. நீங்கள் போனை நிமிர்த்தி எடுக்கிறீர்களா, படுக்க வைத்து எடுக்கிறீர்களா? அதைச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

ஏன் என்றால், மானிட்டர் வந்தவுடன் நம் கண் லென்ஸை விட்டு மானிட்டருக்குப் போய்விடும். எத்தனை பழகினாலும் போகும், நம் முகம் ஒரு திரையில் தெரிந்தால் அதைப் பார்க்காமல் இருக்க மனிதனால் முடியாது. அப்படியென்றால் திரை லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது என்பதுதான் வீடியோவில் நம் பார்வையைத் தீர்மானிக்கும். கையை நீட்டிப் பிடித்தால் போன் முகத்திலிருந்து சுமார் 60 செ.மீ. தூரத்தில் இருக்கும். மானிட்டரின் நடுப்பகுதி லென்ஸிலிருந்து 6 செ.மீ. தள்ளி இருந்தால் நம் பார்வை கிட்டத்தட்ட 6 டிகிரி விலகுகிறது. அதே போனை ஸ்டிக்கிலோ ட்ரைபாடிலோ வைத்து ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனால் விலகல் 2 டிகிரி சொச்சம்தான், யாருக்கும் தெரியாது. கையில் பிடித்துப் பேசுகிறவர்களுக்குத்தான் இது பெரிய பிரச்சினை.

எந்தப் பக்கம் என்பது இன்னும் முக்கியம். வீடியோ அழைப்புகளுக்காக மில்டன் சென் என்ற ஆய்வாளர் 2002-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. நாம் கேமராவுக்குக் கொஞ்சம் கீழே பார்த்தால் எதிரில் இருப்பவர் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, ஆனால் இடப்பக்கமோ வலப்பக்கமோ மேலேயோ பார்த்தால் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறார் என்பது அதன் சாரம். இதைப் போனுக்குப் பொருத்திப் பாருங்கள். போனை நிமிர்த்திப் பிடித்தால் லென்ஸ் மேலே இருக்கிறது, காந்த மானிட்டர் அதற்குக் கீழே ஒட்டுகிறது. பார்வை கீழ்நோக்கித்தான் விலகும், தப்பித்துவிடலாம். ரீல்ஸ், ஷார்ட்ஸ் மட்டும் எடுக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு காந்த மாடலுக்குப் போகலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

போனைப் படுக்க வைத்தால் கதை மாறிவிடுகிறது. லென்ஸ் ஒரு ஓரத்துக்குப் போய்விடும், மானிட்டர் ஒட்டிக்கொள்ளும் காந்த வளையமோ போனின் நடுவில் இருக்கிறது, மானிட்டர் பக்கவாட்டில் வந்து உட்கார்ந்துவிடும். பத்து நிமிட வீடியோ முழுக்க நீங்கள் பார்வையாளரின் காதைப் பார்த்துப் பேசுவது போல இருக்கும். யூடியூபுக்கு அகலவாக்கில் எடுக்கிறவர்கள் இதைத் தெரியாமல் நல்ல மாடலாகவே வாங்கிவிட்டு, ஏதோ சரியில்லை, என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்பார்கள். இவர்களுக்குக் காந்தத்தைவிட, நகர்த்தி வைக்கக்கூடிய கிளிப்போ, போனைச் சுற்றி மாட்டுகிற கேஜ் என்ற சட்டத்தில் கோல்ட் ஷூ (துணைக்கருவிகளைச் செருகும் காடி) வழியாகப் பொருத்துகிற மானிட்டரோதான் சரி. லென்ஸுக்கு நேர் கீழே திரை வருகிற மாதிரி வைக்க முடிய வேண்டும். வாங்கும் முன் உங்கள் போனைப் படுக்க வைத்து, பின்பக்கத்தில் ஒரு காகிதத் துண்டை மானிட்டர் அளவுக்கு வெட்டி ஒட்டி, அதைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து பாருங்கள். மானிட்டர் வாங்காமலேயே உங்கள் பார்வை எங்கே போகும் என்று தெரிந்துவிடும்.

காகிதம் ஒட்டிப் பார்க்கும்போதே அல்ட்ரா வைடிலும் ஒருமுறை பாருங்கள். கையில் பிடித்து எடுக்கிறவர்கள் பலர் பின்னணியும் தெரிய வேண்டும் என்று அந்த லென்ஸுக்குப் போவார்கள், அது கிட்டத்தட்ட 120 டிகிரி பார்க்கிற லென்ஸ். லென்ஸ் பக்கத்தில் ஒன்றரை செ.மீ. தடிமனுக்கு ஒரு மானிட்டர் உட்கார்ந்தால் அதன் விளிம்பு ஃப்ரேமின் ஓரத்தில் கருப்பாக எட்டிப் பார்க்கும். அந்தக் குட்டித் திரையில் அது தெரியவே தெரியாது, எடிட்டிங்கில்தான் தெரியும்.

அடுத்தது இணைப்பு. ஒயரா, வயர்லெஸ்ஸா?

வயர்லெஸ் மானிட்டர்களில் பெரும்பாலானவை தாங்களே ஒரு வைஃபையை உருவாக்குகின்றன, போன் அதில் சேர்ந்துகொள்ளும், ஐபோன் என்றால் ஏர்ப்ளே வழியாகவும் ஆண்ட்ராய்டு என்றால் மிராகாஸ்ட் வழியாகவும் போன் திரை அப்படியே மானிட்டருக்குப் போகும். கேட்க எளிதாக இருக்கிறது. பெட்டியில் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் என்று எழுதியிருப்பதை நம்பி ஆர்டர் போட்டுவிடாதீர்கள். கூகுள் பிக்சல் போன்களில் மிராகாஸ்ட் கிடையாது, கூகுள் காஸ்ட் மட்டும்தான். சாம்சங்கில் ஸ்மார்ட் வியூ என்ற பெயரில் மிராகாஸ்ட் இருக்கிறது. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் போனின் செட்டிங்ஸில்தான் தேட வேண்டும். விண்டோஸ் 10 அல்லது 11 இருக்கிற லேப்டாப் கையில் இருந்தால் அதில் வயர்லெஸ் டிஸ்ப்ளே என்ற கூடுதல் வசதியை நிறுவிக்கொள்ளலாம். மிராகாஸ்டை ஏற்கிற லேப்டாப்பாக இருந்தால் அது ஒரு மிராகாஸ்ட் திரையாகவே நடந்துகொள்ளும். உங்கள் ஆண்ட்ராய்டு போன் அதில் சேர்ந்தால் மானிட்டரிலும் சேர நல்ல வாய்ப்பு உண்டு.

வயர்லெஸ்ஸில் படம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், அதை மறைக்க முடியாது. உட்கார்ந்து பேசுகிறவருக்கு அது பொருட்டே இல்லை, ஃப்ரேமுக்குள் இருக்கிறோமா என்று பார்க்கத்தானே போகிறோம். நடந்துகொண்டே எடுக்கிறவருக்கும் ஆடுகிறவருக்கும் தொந்தரவு, கை மேலே போன பிறகுதான் திரையில் கை மேலே போகும். கூட்டமான இடம் என்றால் இன்னொரு சிக்கல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான், சுற்றி நூறு போன்கள் இருந்தால் படம் உறைந்து உறைந்து வரும். 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள மாடல்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இதில் சமரசம் வேண்டாம். அப்புறம், நேரலை போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போன் மானிட்டரின் வைஃபையில் இருக்கும்போது இணையத்துக்கு மொபைல் டேட்டாவைத்தான் நம்ப வேண்டும். சில போன்கள் இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று தானாகவே கழன்றுகொள்ளும், நேரலையின் நடுவே மானிட்டர் இருண்டுவிடும்.

ஒயர் என்றால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை, செருகினால் படம், தாமதமும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் போனின் யூஎஸ்பி-சி துளை வழியாகப் படம் வெளியே வர வேண்டும், எல்லா யூஎஸ்பி-சியிலும் வராது. அதற்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி போனில் இருக்க வேண்டும். ஐபோன் 15, 16 வரிசைகளில் இருக்கிறது. சாம்சங்கில் கேலக்ஸி எஸ் வரிசையில் உண்டு, ஏ வரிசையில் பெரும்பாலும் கிடையாது. பிக்சல் 8-ல் 2024-ல் வந்த ஒரு அப்டேட்டில்தான் இது திறந்துவிடப்பட்டது, அதற்கு முந்தைய பிக்சல்களில் இல்லை. பழைய லைட்னிங் ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிளின் டிஜிட்டல் ஏவி அடாப்டர் தேவைப்படும், அது தொங்கிக்கொண்டே இருக்கும், அவர்கள் வயர்லெஸ்ஸுக்கே போவது நல்லது.

ஒயரில் எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிவது மைக்தான். போனில் இருப்பது ஒரே துளை. வயர்லெஸ் மைக்கின் ரிசீவரும் அதில்தான் செருக வேண்டும், மானிட்டரும் அதில்தான் செருக வேண்டும். வெளியில் எடுக்கிறவருக்கு மைக்கை விட முடியாது, படம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், ஒலி சரியில்லை என்றால் யாரும் இருக்க மாட்டார்கள். ஹெச்டிஎம்ஐயும் கூடுதல் யூஎஸ்பி துளையும் உள்ள ஒரு ஹப் வைத்து இரண்டையும் மாட்டலாம், ஆனால் ஒரு போனில் ஓடுவது இன்னொன்றில் ஓடாது, தவிர முதுகில் மானிட்டர், கீழே ஹப், அதில் ரிசீவர் என்று கையில் பிடிக்கவே இடம் இருக்காது. டிஜேஐ மைக் 2 மாதிரி சில மைக்குகளின் டிரான்ஸ்மிட்டர் ப்ளூடூத்தில் நேராகப் போனுடன் சேரும், ரிசீவரே வேண்டாம், ஆனால் ப்ளூடூத்தில் ஒலித்தரம் ஒரு படி இறங்கும். என்னைக் கேட்டால், தனி மைக் பயன்படுத்துகிறவர் வயர்லெஸ் மானிட்டர் வாங்கட்டும், ட்ரைபாடில் வைத்து போன் மைக்கிலேயே எடுக்கிறவர் ஒயர் வாங்கட்டும்.

இப்போது இன்ச் கணக்குக்கு வருவோம், இதில் கொஞ்சம் கணக்குப் போட்டே ஆக வேண்டும். மானிட்டரில் வருவது கேமராவின் படம் இல்லை, போன் திரையின் பிரதி. இன்றைய பல போன்களின் திரை 19.5:9 விகிதம், அதாவது ஒல்லியாக உயரமானது. மானிட்டர்கள் பலவும் 16:9, அகலமானவை. நிமிர்த்திப் பிடித்த போனின் படம் அகலமான மானிட்டரில் வந்தால் இரண்டு பக்கமும் கருப்பு, நடுவில் ஒரு பட்டை. அந்தப் பட்டை மானிட்டர் அகலத்தில் கால் பங்குதான். 5 இன்ச் மானிட்டர் என்றால் உங்கள் படம் 3 செ.மீ. அகலம்கூட வராது. அதுவே 3.5 இன்ச் மானிட்டர் நிமிர்ந்து நின்று படத்தையும் நிமிர்த்திக் காட்டினால் மூன்றரை செ.மீ. அகலத்துக்கு மேல் வரும். சின்னத் திரையில் பெரிய படம்! ஆகவே இன்ச்சைக் கேட்காதீர்கள், போனை நிமிர்த்தினால் படம் முழுத்திரைக்கு வருமா என்று கேளுங்கள். ஒயர் மாடல்களில் இதை இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும். ஹெச்டிஎம்ஐ வழியாகப் போன் அனுப்புவது பொதுவாக அகலவாக்குப் படம்தான், நிமிர்த்திய போனின் படத்தையும் இரண்டு பக்கமும் கருப்பு வைத்தே அனுப்பும். மானிட்டரைக் கையால் திருப்பி வைத்தால் நீங்கள் படுத்துக்கொண்டுதான் தெரிவீர்கள், மானிட்டரின் மெனுவிலேயே படத்தைத் திருப்பிப் பெரிதாக்கும் வசதி இருந்தால்தான் உண்டு.

போன் திரையின் பிரதி என்பதால் கேமரா ஆப்பின் பட்டன்களும் எழுத்துகளும் சேர்ந்தே வரும், அவை தின்கிற இடம் போக மிச்சம்தான் நம் முகம். ஒயரில் இணைக்கிறவர்களுக்கு பிளாக்மேஜிக் கேமரா ஆப் இந்த இடத்தில் பெரிய உதவி. 2023-ல் ஐபோனுக்கும் 2024-ல் ஆண்ட்ராய்டுக்கும் வந்த இலவச ஆப், ஐபோனில் வெளித்திரைக்குப் பட்டன் எதுவும் இல்லாத சுத்தமான படத்தை அனுப்ப முடியும்.

படத்தைக் கண்ணாடி போல இடவலம் மாற்றிக் காட்டும் வசதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் வலப்பக்கம் நகர நினைத்து இடப்பக்கம் நகர்வீர்கள், பழகவே பழகாது. பதிவாகும் வீடியோவை இது தொடாது, நாம் பார்க்கிற படத்தை மட்டும்தான் மாற்றும்.

ஃபோகஸைச் சரிபார்க்க இந்தத் திரையை நம்பாதீர்கள். கையில் ஒரு பொருளை எடுத்து லென்ஸுக்கு முன்னால் நீட்டுகிறீர்கள், போன் உங்கள் முகத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது, பொருள் மங்கலாக நிற்கிறது. இந்த அளவுத் திரையில் இரண்டுமே தெளிவாகத்தான் தெரியும். பெரிய சென்சார் உள்ள கேமராக்களால் மிகக் கிட்டத்தில் ஃபோகஸ் செய்யவும் முடியாது, ஐபோன் 15 ப்ரோவின் முதன்மைக் கேமராவுக்குக் குறைந்தது 24 செ.மீ. இடைவெளி வேண்டும். அதைவிடக் கிட்டே கொண்டுபோனால் அது அல்ட்ரா வைடுக்குத் தாவும், படத்தின் நிறமே ஒரு நொடி மாறும். பொருளை முகத்துக்குப் பக்கத்தில், கன்னத்தை ஒட்டிப் பிடித்துக் காட்டுங்கள், இரண்டும் ஒரே தூரத்தில் இருக்கும், கேமராவுக்குக் குழப்பமே வராது.

வெயிலில் எடுக்கிறவர்கள் நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) எவ்வளவு என்று கட்டாயம் பாருங்கள். ஐபோன் 15-ன் திரை வெளியில் 2000 நிட்ஸ் வரை போகும், இந்தக் குட்டி மானிட்டர்களில் நிறைய 300-லிருந்து 500-க்குள் நின்றுவிடும். நண்பகலில் அதில் தெரிவது வானம்தான். பளபளப்பான திரையைவிட மேட் திரை தேவலை.

எடையும் காந்தமும். கிம்பல் (போன் ஆடாமல் மோட்டாரால் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி) வைத்திருப்பவர்கள் போன், மானிட்டர் இரண்டின் எடையையும் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டிஜேஐ ஆஸ்மோ மொபைல் 6 தாங்குவது 290 கிராம் வரை. ஐபோன் 15 ப்ரோ மேக்ஸ் மட்டுமே 221 கிராம், கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா 232. அதன் மேல் 80 கிராம் மானிட்டர் ஒட்டினால் எல்லை தாண்டிவிட்டது, மோட்டார் திணறும், படம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். காந்த மாடல் என்றால் போன் கவரிலும் காந்த வளையம் இருக்க வேண்டும், சாதாரண சிலிகான் கவர் மேல் ஒட்டினால் நடக்கும்போது நழுவி விழும். வளையம் இல்லாத போன்களுக்கு ஒட்டும் வளையம் தருகிறார்கள், அதை ஒட்டும்போது கேமரா மேட்டிலிருந்து தள்ளியே ஒட்டுங்கள், லென்ஸுக்கு மிகக் கிட்டே இருக்கும் காந்தம் படத்தை நிலைப்படுத்தும் அமைப்பையும் ஆட்டோஃபோகஸையும் பாதிக்கலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் வீட்டில் இருந்தால் இந்தக் காந்தப் பொருள்களை அவர் நெஞ்சிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளியே வைக்க வேண்டும். தயவுசெய்து இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மானிட்டரையே தொட்டுப் பதிவைத் தொடங்கலாம், ஃபோகஸ் வைக்கலாம் என்று சில மாடல்கள் சொல்கின்றன. அவை ப்ளூடூத்தில் ஒரு மவுஸ் மாதிரி போனுடன் சேருகிறவை. தனியாக எடுக்கிறவருக்கு உண்மையிலேயே பயனுள்ள வசதி, ஆனால் இதற்காக மட்டும் ஒரு மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், சின்ன ப்ளூடூத் ரிமோட் ஒன்றே போதும்.

சரி, உங்களுக்கு மானிட்டர் தேவையே இல்லாமலும் இருக்கலாம். ஆப்பிள் வாட்ச் கையில் இருந்தால் அதில் கேமரா ரிமோட் ஆப் ஏற்கெனவே இருக்கிறது, பின் கேமராவின் படம் மணிக்கட்டிலேயே தெரியும். ட்ரைபாடில் போனை வைத்து, ஃப்ரேமைச் சரிபார்த்துவிட்டுப் பேச ஆரம்பிக்கிறவருக்கு அதுவே தாராளம், கண்ணும் லென்ஸிலேயே இருக்கும். சாம்சங் போனும் கேலக்ஸி வாட்சும் வைத்திருப்பவர்களுக்கும் இதே வசதி உண்டு. மடிக்கிற போனான கேலக்ஸி இசட் ஃப்ளிப் வைத்திருப்பவர்களுக்கு வெளித்திரையே மானிட்டர், ஃப்ளிப் 5-ல் அது 3.4 இன்ச், லென்ஸை ஒட்டியே இருக்கிறது, இதைவிட நல்ல இடம் எந்தக் கிளிப் மானிட்டருக்கும் கிடைக்காது. 2025-ல் வந்த ஐபோன் 17-ல் முன் கேமராவே சதுர சென்சாருடன் 18 மெகாபிக்சல் ஆகிவிட்டது, போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே அகலவாக்கில் எடுக்கலாம். பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுக்கிறவராக இருந்து கையில் அந்தப் போன் இருந்தால் நான் மானிட்டர் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் வேண்டும் என்று வாங்கினால், பெட்டி வந்த அன்றே ஒரு முழு ஒத்திகை நடத்துங்கள். வீட்டுக்குள் இரண்டு நிமிடம் போட்டுப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. நீங்கள் வழக்கமாக எடுக்கும் இடத்துக்குப் போய், வழக்கமான 4கே அமைப்பில், மைக்கையும் மாட்டி, அரை மணி நேரம் விடாமல் பதிவு செய்யுங்கள். பதிவு, வைஃபை, மொபைல் டேட்டா மூன்றும் சேர்ந்து போனைச் சூடாக்கும், முதுகில் ஒட்டியிருக்கும் மானிட்டர் அந்தச் சூட்டை வெளியே விடாது. சூடு ஏறினால் போன் தன் திரை வெளிச்சத்தைக் குறைக்கும், சில சமயம் பதிவையே நிறுத்திவிடும். வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பைப் பெரிய திரையில் போட்டு முதலில் கண் எங்கே பார்க்கிறது என்று பாருங்கள், பிறகு ஃப்ரேமின் ஓரங்கள், பிறகு ஒலி. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதை முடித்துவிடுங்கள்.